கர்ப்பகால பிபி பத்தின பேப்பரை மூணு ஜர்னலுக்கு அனுப்பின அனுபவம், சர்வீஸ் எப்படின்னு ஒரு ரிவ்யூ

பேப்பர் போன வாரம் ஆன்லைன்ல வந்துடுச்சு. முதல் ஜர்னலுக்கு சப்மிட் பண்ண நாள்ல இருந்து எண்ணினா 14 மாசம். நடுவுல மூணு ஜர்னல் பாத்தாச்சு, அதனால மூணு இடத்துலயும் எப்படி நடத்தினாங்கன்னு எழுதுறேன், இதே சப்ஜெக்ட்ல முதல் பேப்பரை வெச்சுக்கிட்டு எங்க அனுப்புறதுன்னு முழிச்சிட்டு இருக்கிறவங்களுக்கு உதவும்னு நம்புறேன். ஜர்னல் பேரை சொல்லப் போறதில்ல, எடிட்டரும் ரிவ்யூவரும் மாறிக்கிட்டே இருப்பாங்க, எனக்கு நடந்தது உங்களுக்கும் அப்படியே நடக்கணும்னு இல்ல.

பேப்பர் எதைப் பத்தின்னு சுருக்கமா சொல்லிடறேன். கர்ப்பத்துல பிபி ஏறினவங்களுக்கு குழந்தை பொறந்துட்டா எல்லாம் சரியாயிடும்னு தான் பொதுவா எல்லாரும் நெனைக்கிறாங்க, ஆனா பிரசவம் முடிஞ்சு 3-ல இருந்து 6 நாளுக்குள்ள தான் பிபி மறுபடி உச்சத்துக்குப் போகும், அதுக்குள்ள பாதி பேர் டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போயிருப்பாங்க. இந்த பிபியால வர்ற வலிப்பு பிரசவத்துக்கு அப்புறமும் வரும். அந்த நாட்கள்ல பிபி எப்படிப் போச்சுன்னு நோட் பண்ணி வெச்ச டேட்டா தான் எங்களோடது. பெரிய ட்ரயல் எல்லாம் இல்ல.

முதல்ல ஆசைப்பட்டு ஒரு பெரிய பொது மருத்துவ ஜர்னலுக்கு அனுப்பினோம். ஆறாவது நாள் ரிஜக்ட். ரிவ்யூவுக்கே, அதாவது அதே துறை டாக்டர்கள் படிச்சு கருத்து சொல்ற கட்டத்துக்கே போகல, எடிட்டர் டேபிள்லயே திரும்பிடுச்சு. நாலு வரி மெயில், மரியாதையா இருந்துச்சு, இழுத்தடிக்கல. வருத்தம் இருந்தாலும் அவங்க மேல எனக்கு குறை இல்ல, அந்த மாதிரி இடத்துல இந்த சப்ஜெக்ட்ல வர்றது எல்லாம் வேற அளவு: மெக்னீசியம் சல்ஃபேட் கொடுத்தா வலிப்பு வர்ற ஆபத்து பாதிக்கும் கீழ குறையுதுன்னு காட்டின மேக்பை ட்ரயல் 2002-ல லான்செட்ல வந்துச்சு, அதுல 33 நாட்டுல 10,141 பெண்கள். நாள்பட்ட லேசான பிபிக்கும் கர்ப்பத்துல 140/90-க்கு கீழ கொண்டுவர மருந்து கொடுக்கலாம்னு சொன்ன சாப் ட்ரயல் 2022-ல நியூ இங்கிலாந்து ஜர்னல்ல, அதுல 2,408 பேர். நம்ம டேட்டா அந்த வரிசைல நிக்காது. சீக்கிரம் இல்லன்னு சொன்னதே அவங்க செஞ்ச உதவி.

ரெண்டாவது இடம் தான் கஷ்டப்படுத்தினது. இந்த ஃபீல்டுக்கு வந்த கொஞ்ச நாள்லயே மெயில்பாக்ஸ்ல வரிசையா அழைப்பு வர ஆரம்பிக்கும், உங்க மேலான ஆராய்ச்சியை எங்களுக்கு அனுப்புங்கன்னு. கூட எழுதினவங்கள்ல ஒருத்தருக்கு ப்ரமோஷனுக்கு சீக்கிரம் ஒரு பேப்பர் தேவைப்பட்டுச்சு, வெப்சைட்ல பெரிய டேட்டாபேஸ்கள்ல இண்டெக்ஸ் ஆயிருக்குன்னு வரிசையா லோகோ எல்லாம் போட்டிருந்தாங்க, நாங்களும் சரியா பாக்காம அனுப்பிட்டோம். நாலாவது நாள் அக்செப்ட். ஒரு கேள்வி கூட இல்ல. பிபி எதுல எடுத்தீங்க, யாரு எடுத்தாங்க, எந்த டெஃபனிஷன், எதுவுமே கேக்கல, மெயிலோட கூடவே பில் மட்டும் வந்துச்சு. எங்க டீம்ல இருக்கிற மேடம் அதைப் பாத்துட்டு ஒண்ணு தான் சொன்னாங்க, "கேள்வியே கேக்காதவங்க படிக்கவே இல்லம்மா, திரும்ப வாங்கு." வாங்கறதுக்கு மூணு வாரம் ஆச்சு, வித்ட்ரா பண்ணவும் காசு கேட்டாங்க, நாங்க கொடுக்கல, காப்பிரைட் ஃபார்ம்ல கையெழுத்து போடாததால தப்பிச்சோம். எழுத்துல வித்ட்ராயல் கன்ஃபர்ம் ஆகாம வேற எங்கயும் அனுப்ப முடியாது, ஒரே நேரத்துல ரெண்டு இடத்துல பேப்பர் இருக்கக் கூடாது. ஸோ அந்த லோகோவை நம்பாதீங்க, நீங்களே போய் டிஓஏஜே (யாரும் காசில்லாம படிக்கக் கூடிய ஓப்பன் ஆக்சஸ் ஜர்னல்களோட பட்டியல்), மெட்லைன் (தேர்ந்தெடுத்த மருத்துவ ஜர்னல்களோட டேட்டாபேஸ்) ரெண்டுலயும் தேடிப் பாருங்க. பப்மெட்ன்ற தேடல் தளத்துல ஒரு பேப்பர் வருதுன்றதால அந்த ஜர்னல் மெட்லைன்ல இருக்குன்னு அர்த்தம் இல்ல, ரெண்டும் வேற.

மூணாவது, கர்ப்பகால மருத்துவத்துக்குன்னே இருக்கிற ஒரு ஸ்பெஷாலிட்டி ஜர்னல். நான் எழுதுற இந்த ரிவ்யூவோட முக்கால்வாசி இங்க தான்.

சப்மிஷன் போர்ட்டல் பொறுமையை சோதிக்கும். டைட்டில் பேஜ் தனி, பேரு இல்லாத மேனுஸ்கிரிப்ட் தனி, ஸ்ட்ரோப் செக்லிஸ்ட்ல (இந்த மாதிரி ஆய்வுல எதையெல்லாம் எழுதணும்ன்ற பட்டியல்) ஒவ்வொரு வரிக்கும் பக்க எண், எதிக்ஸ் கமிட்டி லெட்டர், கூட எழுதின ஒவ்வொருத்தருக்கும் தனி ஃபார்ம், படத்தோட ரெசல்யூஷன் கம்மின்னு ரெண்டு தடவை திரும்பி வந்துச்சு. ரெண்டு ராத்திரி போச்சு. அப்புறம் நாலு மாசம் அண்டர் ரிவ்யூன்னு மட்டும் காட்டிட்டு இருந்துச்சு, நடுவுல கேட்டு எழுதினதுக்கு ரிவ்யூவர் கிடைக்கலன்னு பதில். இது உண்மையாவே பெரிய பிரச்சனை, இந்த ஃபீல்டுல பேப்பர் படிச்சு கருத்து சொல்ற டாக்டர்கள் டியூட்டி முடிச்சிட்டு காசு வாங்காம தான் செய்றாங்க.

ஆனா வந்த ரிவ்யூ இருக்கே. முதல் ரிவ்யூவர் இங்கிலீஷ், ரெஃபரன்ஸ் மாதிரி சின்னச் சின்ன விஷயம். ரெண்டாவது ரிவ்யூவர் மூணு பக்கம் எழுதியிருந்தாங்க, அதுல ஒண்ணரை பக்கம் பிபி எப்படி அளந்தீங்கன்றது பத்தியே. உக்காந்த நிலையிலயா படுத்தா, கைல சுத்துற கஃப்போட சைஸ் என்ன, கை சுத்தளவு 33 சென்டிமீட்டருக்கு மேல இருந்தவங்களுக்கு பெரிய கஃப் போட்டீங்களா, டயஸ்டாலிக்கு, அதாவது பிபில கீழ வர்ற நம்பருக்கு, ஸ்டெத்ல கேக்கிற சத்தம் குறையிற நாலாவது கட்டமா மறையிற அஞ்சாவது கட்டமா, மெஷின்ல எடுத்திருந்தா அந்த மாடல் ப்ரீஎக்லாம்ப்சியா (கர்ப்பத்துல பிபி ஏறி மத்த உறுப்புகளையும் பாதிக்கிற நோய்) இருக்கிறவங்க கிட்ட சோதிச்சதா. இந்த கடைசி கேள்வி ரொம்ப முக்கியம், சாதாரண ஆளுங்களுக்கு சரியா காட்டுற மெஷின் நிறைய ப்ரீஎக்லாம்ப்சியால கம்மியா காட்டிடும், நர்ஸ் நார்மல்னு எழுதிட்டு அடுத்த பெட்டுக்குப் போயிடுவாங்க.

அதுக்கப்புறம் ஒரு கேள்வி, அதைப் படிச்சப்ப எனக்கு வயித்துல புளியைக் கரைச்சுது. "உங்க ரீடிங்ல கடைசி இலக்கம் ஜீரோவா முடியறது எத்தனை சதவீதம்னு டேபிள் கொடுங்க." அவ்வளவு தான் கேள்வி. எல்லா இலக்கமும் சமமா வந்தா 10 சதவீதம் தான் ஜீரோல முடியணும், ரெண்டு ரெண்டா கோடு போட்ட மானோமீட்டர்ல பாத்தா 20. ஸ்டாட்ஸ் பாக்குற தம்பி ஒரு மணி நேரத்துல எண்ணி அனுப்பினான், எங்களோடதுல பாதிக்கும் மேல ஜீரோ. 130/80, 140/90, 150/100, பக்கம் பக்கமா இப்படியே. கை ஓயாத வார்டுல எல்லாரும் ரவுண்டு பண்ணி எழுதியிருக்கோம், நானும் எழுதியிருக்கேன். பிபி ஜாஸ்தின்னு சொல்ற எல்லையே 140/90, அங்க 138-ஐயும் 142-ஐயும் ஒரே 140 ஆக்கினா யாருக்கு மருந்து, யாரு வீட்டுக்குன்றதே மாறிப் போகுது.

முடிவுல நாங்க எழுதின பெரிய வாக்கியத்தை எடுத்துட்டோம். டேபிளை அப்படியே போட்டோம், லிமிடேஷன்ல ஒரு முழு பேரா எழுதினோம், ஜீரோ பிரச்சனையை வெச்சு அனாலிசிஸை திரும்ப ஓட்டினோம், ரிசல்ட் பலம் குறைஞ்சுது. ரிஜக்ட் ஆயிடும்னே நெனச்சேன். எடிட்டர் எழுதினது, இப்ப தான் இதை நம்பிப் படிக்க முடியுதுன்னு. அந்த ஒரு வரிக்காகவே இந்த ஜர்னலுக்கு திரும்பப் போவேன். பெரிய இடத்துலயும் இந்த நேர்மை தேவைப்படுது, வீட்டுலயே பிபி பாத்துக்கிட்டா சீக்கிரம் கண்டுபிடிக்கலாம்னு எல்லாரும் எதிர்பாத்த பம்ப் ட்ரயல்கள்ல பெரிய வித்தியாசம் இல்லன்னு வந்துச்சு, அதை 2022-ல ஜாமா போட்டுச்சு. பலன் இல்லன்னு வந்த ரிசல்ட்டும் வெளிய வந்தா தான் அடுத்தவங்க அதே பாதையில போய் வருஷத்தை வீணாக்க மாட்டாங்க.

ரிவிஷனுக்கு உதவின ஒண்ணை சொல்லியே ஆகணும். டெஃபனிஷன் எதுன்னு ரிவ்யூவர் கேட்டாங்க, எங்க பழைய கேஸ் ஷீட் எல்லாம் யூரின்ல புரோட்டீன் இருந்தா தான் ப்ரீஎக்லாம்ப்சியான்ற காலத்துது, 2013-க்கு அப்புறம் அமெரிக்க மகப்பேறு சங்கமே புரோட்டீன் கட்டாயம் இல்லன்னு மாத்திடுச்சு, ஸோ ஒரே டேட்டால ரெண்டு அர்த்தம். இதுக்கு ஐஎஸ்எஸ்எச்பின்ற கர்ப்பகால பிபி ஆய்வுக்கான சர்வதேச சங்கத்தோட 2021 கைட்லைன் தான் கைகொடுத்துச்சு, அது பிரெக்னன்சி ஹைப்பர்டென்ஷன்ற ஜர்னல்ல 2022-ல வந்தது. அந்தச் சங்கத்தோட அதிகாரப்பூர்வ ஜர்னல், 2011-ல ஆரம்பிச்சாங்க. ஒரு வாசகியா சொல்றேன், பிளாசென்டா லேப் வேலையும் வார்டு வேலையும் பக்கத்துப் பக்கத்துல படிக்க முடியற இடம் அது.

இனி மூணாவது ஜர்னல்ல இருந்த குறை. ப்ரூஃப் (வெளியிடறதுக்கு முன்னாடி சரிபாக்க அனுப்புற பிரதி) வந்தப்ப 48 மணி நேரம் கொடுத்தாங்க, நான் நைட் டியூட்டில இருந்தேன். 140-உம் அதுக்கு மேலயும்னு நாங்க போட்ட குறியை காப்பி எடிட்டர் 140-க்கு மேலன்னு மாத்திட்டாங்க, குறிக்குக் கீழ இருந்த சின்ன கோடு போயிடுச்சு, அவ்வளவு தான். ஆனா எங்க டேட்டால சரியா 140-ல நிக்கிறவங்க தானே கூட்டம், அந்த கோடு இல்லன்னா அவங்க எல்லாரும் நார்மல் லிஸ்ட்டுக்குப் போயிடுவாங்க. விடிகாலை மூணு மணிக்கு கண்ணுல பட்டுச்சு. ப்ரூஃபை ஒத்தையா படிக்காதீங்க, ஒருத்தர் ஒரிஜினலை சத்தமா படிக்க இன்னொருத்தர் ப்ரூஃபைப் பாக்கணும்.

அடுத்தது காசு. ஓப்பன் ஆக்சஸ்னா ஆயிரக்கணக்குல டாலர், எங்களால முடியல, சந்தா வழியில போட்டோம். அதனால பிரசவம் ஆன மூணாவது நாள் வீட்டுக்கே போய் பிபி பாக்குற நர்ஸ், அவங்களால இந்த பேப்பரைத் திறக்க முடியாது. யாருக்காக எழுதினோமோ அவங்களுக்கே கதவு சாத்தியிருக்கு, இது எனக்கு இன்னும் ஆறல. அக்செப்ட் ஆன வெர்ஷனை ஒரு காலக்கெடுவுக்கு அப்புறம் ரெபாசிட்டரில போடலாம்னு விதி இருக்கு, அந்தத் தேதியைக் குறிச்சு வெச்சிருக்கேன். குறைஞ்ச வருமான நாடுகள்ல இருக்கிறவங்க உலக சுகாதார நிறுவனத்தோட ஹினாரி திட்டம் வழியா பாருங்க, நிறைய ஜர்னல் திறக்கும்.

மார்க் போடணும்னா, முதல் ஜர்னல் வேகத்துக்கு 5-க்கு 4. ரெண்டாவதுக்கு ஒண்ணும் இல்ல. மூணாவதுக்கு ரிவ்யூ தரத்துக்கு 5, காத்திருப்புக்கு 2, ப்ரூஃபுக்கு 2, ஆனா அந்த ரெண்டாவது ரிவ்யூவர் யாருன்னு தெரிஞ்சா நேர்ல போய் நன்றி சொல்லியிருப்பேன்.

அடுத்த பேப்பருக்கு டேட்டா எடுக்க ஆரம்பிச்சாச்சு. ஃபார்ம்ல கஃப் சைஸுக்கு தனி காலம் போட்டிருக்கோம், மேல பெரிய எழுத்துல, பாத்த நம்பரை அப்படியே எழுதவும்னு.