ஒயிட் ரிம் போக வாடகை வண்டி எடுக்கிறீர்களா? சாவி வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

"ஆல் வீல் டிரைவ், ஃபோர் வீல் டிரைவ் இரண்டும் ஒன்றுதான். நாலு சக்கரமும் சுற்றும், கவலைப்படாமல் போங்கள்." யூட்டா மாநிலத்து மோவாப் ஊரில் வண்டி வாடகைக்கு விடும் ஒருவர் எங்களிடம் சொன்னது இது. அதை நம்பி, 68 வயது அப்பாவை உட்காரவைத்துக்கொண்டு பாறைப் பாதையில் இறங்கினேன். அந்த நாளை நினைத்தால் இன்னமும் வயிற்றைக் கலக்குகிறது.

கேனியன்லாண்ட்ஸ் தேசியப் பூங்காவின் ஒயிட் ரிம் சாலை சுமார் 100 மைல் நீளம். 1950களில் யுரேனியம் தேடுவதற்காகப் போட்ட மண் பாதை. குடிதண்ணீர் கிடையாது, பெரும்பாலான இடங்களில் போனும் எடுக்காது. பகலில் மட்டும் போய்வரவும் பெர்மிட் வேண்டும். முழுச் சுற்றும் எங்கள் திட்டத்தில் இல்லை. மஸல்மேன் வளைவு என்ற இயற்கைக் கல்வளைவைப் பார்த்துவிட்டு, வாஷர் வுமன் பாறை தெரிகிற இடம் வரை போய் அதே வழியில் திரும்புவதாக இருந்தோம். வருஷக்கணக்கில் படத்தில் பார்த்த இடத்தை அப்பாவுக்கு நேரில் காட்ட வேண்டும் என்பது என் ஆசை.

முன்பதிவு செய்தபோது வந்த மின்னஞ்சலில் தெளிவாகத்தான் இருந்தது: ஃபோர் வீல் டிரைவ், லோ ரேஞ்ச் கியர், கரடுமுரடான பாதைக்கான டயர், முழு அளவு ஸ்டெப்னி, "ஒயிட் ரிம் போகத் தயார்". காலையில் போய் நின்றால் வேறொரு வண்டி. நாங்கள் கேட்ட வண்டி பழுதாகிவிட்டதாம். பார்க்க உயரமாக, வாட்டசாட்டமாகத்தான் இருந்தது. ஆனால் அது ஆல் வீல் டிரைவ். கேட்டதற்குத்தான் முதலில் எழுதிய அந்தப் பதில். பெர்மிட் அன்றைக்கு மட்டும்தான், அப்பா வேறு கிளம்பி உட்கார்ந்துவிட்டார். கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

இரண்டும் ஒன்றில்லை. ஆல் வீல் டிரைவ், மழையிலும் பனியிலும் தார்ச்சாலையில் சக்கரம் வழுக்காமல் இருக்க உதவுவது. பாறைப் பாதைக்கான ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் கூடுதலாக இன்னொரு கியர்பெட்டி இருக்கும். அதை 'லோ'வில் போட்டால் வண்டி நடக்கிற வேகத்துக்கு வந்துவிடும், இழுவை பல மடங்கு கூடும். ஏறும்போது மட்டுமில்லை, இறங்கும்போதுதான் அதன் அருமை தெரியும். எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்துவதால் பிரேக்கில் கால் வைக்கிற வேலையே குறைவு. ஒயிட் ரிம்மில் இந்த லோ ரேஞ்ச் இல்லாத வண்டிக்கு அனுமதியே கிடையாது என்பது பூங்காவின் விதி. அந்த ஊரில் தொழில் செய்கிறவருக்கு இது தெரியாமல் இருக்குமா?

மேட்டு நிலத்திலிருந்து கீழே ஒயிட் ரிம்முக்குப் போக ஷேஃபர் டிரெயில் என்ற பாதை. ஏறக்குறைய 1,500 அடி இறக்கம், கொண்டை ஊசி வளைவுகள், ஒரு பக்கம் பாறைச் சுவர், மறுபக்கம் வெறும் ஆகாயம். பாதி இறக்கத்துக்குள் பிரேக் தீய்கிற வாடை வந்துவிட்டது. அகலமான இடமாகப் பார்த்து ஒதுங்கி, ஆறவிட்டு, மறுபடி இறங்கி, மறுபடி ஆறவிட்டு என்று போனோம். அப்பா மேல்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "மெதுவாப் போப்பா" என்பதைத் தவிர ஒன்றும் பேசவில்லை. அங்கேயே திரும்பியிருக்க வேண்டும். அந்தத் தப்பு என்னுடையது.

மஸல்மேன் வளைவைத் தாண்டிச் சில மைலில் பின்பக்க டயர் ஒன்று பக்கவாட்டில் கிழிந்தது. சாதாரண சாலை டயர்களின் பக்கச்சுவர் மெல்லியது, கூர் விளிம்புள்ள கல்லுக்குத் தாங்காது. பக்கவாட்டுக் கிழிசலுக்குப் பஞ்சர் ஒட்டவும் முடியாது. டிக்கி அடியைத் திறந்தால் சைக்கிள் டயரைவிடக் கொஞ்சம் பருமனாக, தற்காலிக ஸ்டெப்னி. அதைக் கழற்றி மாட்ட ஜாக்கி இருந்தது, ஜாக்கியைத் திருப்புகிற கைப்பிடி இல்லை.

மூன்று மணி நேரம் வெயிலில் இருந்தோம். ஆளுக்கு நாலு லிட்டர் கணக்கில் தண்ணீர் வைத்திருந்ததால் தப்பித்தோம். என் மனைவி அப்பாவின் தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டே இருந்தாள். அந்த வழியாக ரோந்து வந்த ரேஞ்சர்தான் ரேடியோவில் இழுவை வண்டிக்குச் சொன்னார். எங்கள் வண்டியின் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, இதற்கு அபராதமே போடலாம் என்றார். மின்னஞ்சலைக் காட்டிய பிறகு எழுத்தில் எச்சரித்ததோடு விட்டார்.

இழுவைக் கூலி 1,800 டாலர். வண்டிக்காரர் தன் பங்குக்கு 600 டாலரை என் கார்டிலிருந்து எடுத்துக்கொண்டார், டயருக்கும் "ஒப்பந்த மீறலுக்கும்" என்று. ஒப்பந்தத்தின் நாலாவது பக்கத்தில் பொடி எழுத்தில், தார் போடாத சாலையில் ஓட்டக் கூடாது, ஓட்டினால் காப்பீடு செல்லாது என்று இருக்கிறது! ஒயிட் ரிம்முக்கு என்று சொல்லி வாடகைக்கு விட்டவர் எழுதிய வரி அது. வங்கியில் முறையிட்டேன். மின்னஞ்சல் கையில் இருந்ததால் 600 டாலரும் வாடகையும் திரும்பி வந்தன. இழுவைக் கூலி போனது போனதுதான்.

யாராவது போவதாக இருந்தால், தயவுசெய்து, சாவி வாங்கும் முன் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பாருங்கள். 'ஃபோர் லோ' என்பதற்குத் தனி லிவரோ திருகோ இருக்க வேண்டும். நியூட்ரலில் வைத்து அதைப் போட்டால் டேஷ்போர்டில் விளக்கு எரிய வேண்டும். ஸ்டெப்னியை வெளியே எடுக்கச் சொல்லுங்கள், மற்ற நான்கின் அளவில் இருக்கிறதா என்று பாருங்கள். ஜாக்கியை ஒரு தடவை அவர்கள் முன்னாலேயே தூக்கிப் பார்ப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. அப்புறம், போகிற சாலையின் பெயரை ஒப்பந்தத்தில் கையால் எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் வேறு கடைக்குப் போங்கள். பெர்மிட் வீணானாலும் பரவாயில்லை.

அப்பா இன்னும் வாஷர் வுமனைப் பார்க்கவில்லை. அக்டோபரில் மறுபடி கூட்டிப்போகலாம் என்று வேறொரு கடையில் பேசியிருக்கிறேன். கியர் லிவரையும் ஸ்டெப்னியையும் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அரை மணியில் அனுப்பிவிட்டார்கள், ஜாக்கியின் கைப்பிடியோடு.