ஷிம்பாஷியில் சுட்ட மீன் சாப்பாடு: மதியத்துக்கு இதைவிட நல்லது டோக்கியோவில் எனக்குக் கிடைக்கவில்லை

டோக்கியோவுக்கு வேலையாக வருகிற நம்மவர்கள் ஜப்பானியச் சாப்பாடு என்றதும் சுஷி, ராமென் என்று தேடிப் போகிறார்கள். இங்கே ஆபீஸ் போகிறவர்கள் பலர் மதியம் சாப்பிடுவது தெய்ஷோகு. ஒரு தட்டத்தில் சோறு, மிசோ என்கிற புளித்த சோயா விழுதைக் கரைத்த சூப், ஊறுகாய், சின்னக் கிண்ணத்தில் ஏதாவது காய், நடுவில் மீனோ கறியோ. சோறு தின்று வளர்ந்தவர்களுக்கு இதுதான் சரி, அதிலும் சுட்ட மீன் தெய்ஷோகு. அதற்கு ஷிம்பாஷி போங்கள்.

டோக்கியோ ஸ்டேஷனிலிருந்து யாமனோத்தே லைனில் இரண்டாவது ஸ்டேஷன். 1872-ல் ஜப்பானின் முதல் ரயில் பாதை யோகோஹாமாவுக்குப் போட்டது இந்த வட்டாரத்திலிருந்துதான். அதன் நூறாவது ஆண்டுக்காக 1972-ல் வைத்த நீராவி எஞ்சின் இன்னும் ஸ்டேஷன் வாசலில் நிற்கிறது. பகல் 12 மணிக்கு அது ஒருமுறை ஊதும். ஊதுகிற நேரத்தில் நீங்கள் வரிசையில் நின்றால் தாமதம் என்று அர்த்தம், பதினொன்றரைக்கே போய்விடுங்கள்.

நான் போகிற கடையின் பெயரைப் போடவில்லை. இருபது பேர்கூட உட்கார முடியாத பேஸ்மென்ட் கடை, இப்போதே வரிசை படியேறித் தெருவுக்கு வந்துவிடுகிறது. ஆனால் இதே மாதிரிக் கடைகள் அந்தச் சந்துகளில் நிறைய உண்டு, மீன் சுடுகிற வாசனை வரும் படிக்கட்டில் இறங்கிப் பாருங்கள்.

நான் எப்போதும் வாங்குவது சபா, உப்பு மட்டும் போட்டுச் சுட்டது. நம் அயிலைக்குச் சொந்தக்கார மீன், ஆனால் உடம்பு பெரிது, கொழுப்பு அதிகம். இந்த விலைக் கடைகளில் பெரும்பாலும் நார்வே சபாதான் வருகிறது, குளிர்கடலில் கொழுத்த பிறகு பிடிப்பதால் மசாலா எதுவும் தேவைப்படுவதில்லை. பாதி மீன் தோல் மேலே தெரியத் தட்டில் இருக்கும், தோலில் குறுக்கே போட்ட கீறலின் ஓரங்கள் கருகிச் சுருண்டிருக்கும், அந்தக் கீறலுக்குள் எண்ணெய் இன்னும் சிறுசிறு குமிழாகப் பொரிந்துகொண்டிருக்கும். சாப்ஸ்டிக்கால் அழுத்தினால் தோல் மொறுக்கென்று உடைந்து, உள்ளே சதை ஈரமாக இதழிதழாகப் பிரியும். பக்கத்தில் ஒரு பிடி துருவிய முள்ளங்கி வைப்பார்கள். அலங்காரம் என்று நினைத்துப் பலர் ஒதுக்கிவிடுகிறார்கள், தயவுசெய்து ஒதுக்காதீர்கள். இரண்டு சொட்டு சோயா சாஸ் விட்டு மீனோடு சேர்த்துச் சாப்பிடுங்கள், கொழுப்பின் திகட்டல் அப்படியே அடங்கும், அடுத்த வாய் சோறு தானாக இறங்கும். அந்தச் சோறும் தனியாகவே தின்னலாம், அவ்வளவு பளபளப்பு, லேசான இனிப்பு. மிசோ சூப் சூடு, ஊறுகாய் சுமார்.

குறைகளையும் சொல்ல வேண்டும். முன்பு சோறு எத்தனை தடவை வேண்டுமானாலும் போடுவார்கள், இப்போது கூடுதல் சோற்றுக்கு 100 யென். அரிசி விலை 2025-ல் ஐந்து கிலோ 4,000 யென்னைத் தாண்டிய பிறகு நிறையக் கடைகள் இப்படி மாறிவிட்டன, அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சாப்பாட்டு விலையும் ஏறி இப்போது 1,150 யென். வரி அதிலேயே அடக்கம், டிப்ஸ் என்ற பேச்சே இந்த ஊரில் கிடையாது.

சாப்பாட்டுக்கு முதலில் காசு போட்டுச் சீட்டு எடுக்கிற டிக்கெட் மெஷின்தான் உண்மையான தொல்லை. காசு மட்டும்தான், அதுவும் 2024 ஜூலையில் வந்த புதிய 1,000 யென் நோட்டை அந்த மெஷின் எடுக்காது. பின்னால் பத்துப் பேர் நிற்கும்போது நோட்டு திரும்பித் திரும்பி வெளியே வந்தால் கை நடுங்கிவிடும், பழைய நோட்டோ சில்லறையோ முன்னாலேயே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பட்டன்களில் எல்லாம் ஜப்பானிய எழுத்து மட்டும், ஆனால் வாசலில் படம் ஒட்டியிருக்கிறார்கள், அதைப் போனில் பிடித்துக்கொண்டு ஒப்பிட்டால் சமாளிக்கலாம். அப்புறம், ஒன்றரை மணிக்கு மேல் போகாதீர்கள். முன்கூட்டியே சுட்டு வைத்த மீன் வரும், தோல் ரப்பராகிவிடும், எனக்கு அப்படி வந்திருக்கிறது.

சைவம் சாப்பிடுகிறவர்கள் இங்கே வர வேண்டாம் என்றே சொல்வேன். மீனை விட்டுவிட்டு மற்றதைச் சாப்பிடலாம் என்று நினைக்கத் தோன்றும், ஆனால் மிசோ சூப்பின் சாறே காய்ந்த கட்சுஓ மீனைச் சீவிப் போட்டு எடுத்தது, சின்னக் கிண்ணத்தில் வரும் கீரையின் மீதும் அதே சீவலைத் தூவிவிடுவார்கள். மதுவைத் தவிர்க்கிறவர்கள் மிசோவில் வேகவைத்த சபாவை வாங்க வேண்டாம், அதில் சாகே சேர்ப்பது வழக்கம்.

உட்கார்ந்து அரட்டை அடிக்கிற இடமும் இல்லை. தோளோடு தோள் இடிக்கும், எல்லோரும் கால் மணி நேரத்தில் முடித்துவிட்டு எழுந்துவிடுவார்கள், நாமும் எழுந்துவிடுவதுதான் மரியாதை. பேச வேண்டுமென்றால் சாயங்காலம் போங்கள், அதே கடை குடிக்கிற இடமாக மாறிவிடும். கேட்காமலே ஒரு சின்னக் கிண்ணத்தில் தொட்டுக்கொள்ள ஏதாவது முன்னால் வரும், அதற்கு 400 யென் பில்லில் ஏறும், உட்காருகிற எல்லோருக்கும் அது பொது, ஏமாற்று இல்லை. 2020 ஏப்ரலிலிருந்து உள்ளே சிகரெட் பிடிக்கத் தடை வந்ததால் பிள்ளைகளோடும் போகலாம். சனி, ஞாயிறு மட்டும் போய் நிற்காதீர்கள், ஆபீஸ் இல்லாத நாளில் இந்தக் கடையும் கிடையாது.