ஆக்சிஜன் பிளீச்: பவுடருக்கு நூறு மார்க், பைக்கு முட்டை

வெள்ளைத் துணிக்கு ஆக்சிஜன் பிளீச் வாங்கலாமா என்று தோழி கேட்டிருந்தாள். ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. பவுடர் மேல் எனக்கு வருத்தமே கிடையாது. கோபமெல்லாம் அது வரும் பையின் மேல்தான்.

இதில் இருக்கும் முக்கியச் சரக்கு சோடியம் பெர்கார்பனேட். தண்ணீரில் கரைந்ததும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சலவை சோடாவுமாகப் பிரிந்துவிடும். கறையின் நிறத்தை அழிப்பது அந்த பெராக்சைடு. குளோரின் பிளீச்சின் நெடி இல்லை, சாயம் கெட்டியான வண்ணத் துணிக்கும் பெரும்பாலும் பயமில்லை. டீ, காபி, பழச்சாறு எல்லாம் போய்விடுகின்றன. ஆனால் தண்ணீர் 40 முதல் 60 டிகிரி வரை சூடாக இருக்க வேண்டும், சில மணி நேரம் ஊறவும் வேண்டும். பச்சைத் தண்ணீரில் பத்து நிமிடம் முக்கி எடுத்துவிட்டு ‘சுத்த ஏமாற்று’ என்று திட்டுபவர்களுக்கு என்ன சொல்ல? ரத்தக் கறையை மட்டும் முதலில் குளிர்ந்த நீரில் அலசிவிட வேண்டும். சூடு பட்டால் இழையோடு பிடித்துக்கொள்ளும். பட்டு, கம்பளி பக்கமே கொண்டுபோகக் கூடாது, காரம் அவற்றைக் கெடுத்துவிடும். துருக்கறைக்கும் இது உதவாது, அதற்கு சிட்ரிக் அமிலம்தான்.

நான் எதிர்பார்க்காதது ஃபிளாஸ்க் விஷயம். பிரஷ் எட்டாத அடியில் கறுத்துப்போன காபிப் படிவு, ஒரு ஸ்பூன் பவுடரும் சுடுநீரும் ஊற்றி வைத்ததில் தேய்க்காமலே கழன்று வந்தது. அப்போது மூடியைப் போடக் கூடாது. ஆக்சிஜன் வெளியேற வழி வேண்டும்.

சரி, பைக்கு வருவோம். இந்தப் பவுடருக்கு எமனே ஈரம்தான். அதை அடைத்துத் தரும் பையின் ஜிப்போ, பள்ளத்தில் நாலு துகள் சிக்கினாலே மூடாது. துடைத்து, ஊதி, அழுத்தி மூடினால் மறுமுனை திறந்துகொள்கிறது. அளவு ஸ்பூன் எப்போதும் அடியில் புதைந்து கிடக்கும். துவைக்கிற நேரத்தில் யாருக்குக் கை உலர்ந்திருக்கும்? பாதிப் பை தீர்வதற்குள் மீதி கட்டி தட்டிவிடுகிறது, வீரியமும் குறைகிறது. கண்ணாடி ஜாடியில் கொட்டி இறுக்கி மூடலாம் என்றால் அதுவும் ஆபத்து: ஈரம் பட்ட பவுடர் உள்ளேயே சிதைந்து வாயு விட்டு அழுத்தம் ஏறும். இவ்வளவும் தெரிந்த கம்பெனிக்காரர்கள் லேபிளில் ‘ஈரம் படாமல் வைக்கவும்’ என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கிறார்கள். எப்படி வைப்பதாம்?

நியாயமாகப் பார்த்தால், வீட்டில் கறைக்கு இதைவிட நல்ல பொருளை நான் பயன்படுத்தியதில்லை. இருந்தாலும் இன்று கேட்டால் வாங்காதே என்றுதான் சொல்வேன். கேட்காமல் வாங்குவாய், தெரியும். சின்னப் பையாக வாங்கு. குளோரின் பிளீச்சோடும் வினிகரோடும் மட்டும் கலந்துவிடாதே.