தொங்கிய பின்பக்கமும் புதுப் பட்டையும்: பழைய பிக்கப் ஓட்டும் அனுபவம்

கருங்கல் பக்கம் உள்ள நண்பர் ஒருவர் பழைய பிக்கப் ஒன்றுக்கு விலை பேசிக்கொண்டிருக்கிறார். வண்டியின் பின்பக்கத்தைத் தாங்கும் பட்டை, அதாவது வளைந்த ஸ்பிரிங் இரும்புத் தகடுகளின் அடுக்கு, தொய்ந்து பின்பக்கம் தொங்கி நிற்கிறது. விற்பவர், "ஒரு பட்டையக் கூட வச்சுக் கெட்டினா சரியாவும்" என்கிறார். அதற்கென்று விலையில் கொஞ்சம் குறைக்கவும் தயாராம். அதே நிலையில் இருந்த வண்டியைத்தான் நானும் வாங்கினேன். பட்டை செட்டை மாற்றி, மழையிலும் வெயிலிலும் லோடு அடித்துப் பார்த்தாயிற்று. "உங்களுக்கு இப்போ எப்படி இருக்கு?" என்று போனில் கேட்டார். ஐந்து நிமிஷத்தில் சொல்லி முடிக்கிற விஷயமாக இல்லை. எஞ்சின், மைலேஜ் எல்லாம் ஊருக்கே தெரிந்தவை. பின்பட்டையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

என் வண்டி முன்பு கடற்கரையில் மீன் லோடு ஓடியது. ஐஸ் உருகி வடிகிற உப்புத் தண்ணீர் பட்டைகளின் இடுக்கில் இறங்கி, துருவாகி, இரும்பைக் குழி குழியாகத் தின்றிருந்தது. ஸ்பிரிங் பட்டையில் விரிசல் பெரும்பாலும் இப்படிப்பட்ட குழியில்தான் ஆரம்பிக்கும். பழைய உரிமையாளர் அதைக் கவனிக்கவில்லை. வண்டி தாழ்ந்ததும் ஒரு பட்டையைக் கூடுதலாகச் செருகியிருந்தார். அதுவும் போதாமல், பட்டையின் பின்முனையைச் சேஸோடு சேர்க்கும் ஆடும் இணைப்பான ஷேக்கிளை நீளமானதாக மாட்டியிருந்தார். ஷேக்கிளை 2 அங்குலம் நீட்டினால் வண்டி ஏறக்குறைய 1 அங்குலம் உயரும். பார்வைக்கு நிமிர்ந்துவிடும், ஆனால் பட்டைக்கு அதனால் கடுகளவும் பலம் கூடாது. இத்தனைக்கும் பிறகு, சமதரையில் நிறுத்தி ஹப்பின் நடுவிலிருந்து பாடியின் அடிவிளிம்பு வரை டேப் பிடித்தால், இடதுபக்கம் வலதைவிட ஒன்றரை அங்குலம் தாழ்ந்திருந்தது. தரையிலிருந்து அளக்காதீர்கள். டயரில் காற்று குறைந்திருந்தாலும் அந்த அளவு மாறிவிடும்.

தொய்ந்த பட்டையைப் பற்றிப் பலரும் நினைப்பது, அது "இளகிப்போச்சு" என்று. உண்மையில் முறியாத பட்டைக்கு விறைப்பு குறைவதில்லை. கனம், அகலம், நீளம், எத்தனை பட்டை என்பதுதான் விறைப்பைத் தீர்மானிக்கும். வளைவு போனாலும் இவை மாறாது. குறைவது உயரம். உயரம் குறைந்தால் அச்சுக்கும், அது சேஸில் இடிக்காமல் தடுக்கும் ஸ்டாப்பர் ரப்பருக்கும் நடுவே உள்ள இடைவெளி குறையும். அப்புறம் ஒவ்வொரு பள்ளத்திலும் அச்சு நேராக ரப்பரில் மோதி, அந்த அடி சேஸுக்குப் போகும். ஒரு பட்டையைக் கூட்டிச் செருகினால் விறைப்பும் சேர்ந்து கூடுகிறது. துருவும் விரிசலும் உள்ள பழைய மெயின் பட்டை அப்படியே கிடக்கிறது. முறிந்தால் அச்சையே நிலை பெயர்த்துவிடக்கூடிய பட்டை அது. அதன்மேல் இன்னொன்றை வைத்துக் கட்டி இன்னொருவர் தலையில் விற்பது சரியே இல்லை.

ஒர்க்‌ஷாப்பில் மேஸ்திரி சொன்ன முதல் யோசனை, பழைய பட்டையைக் கழற்றிச் சம்மட்டியால் அடித்து வளைவு ஏற்றுவது. கூலி குறைவு. லோடு ஏற ஏறப் பெரும்பாலும் பழையபடி படிந்துவிடும். இரண்டாவது, உலையில் காய்ச்சி வளைப்பது. ஸ்பிரிங் இரும்பைச் சுமார் 850 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி, எண்ணெயில் முக்கி, மறுபடி ஏறத்தாழ பாதிச் சூட்டில் வைத்துப் பதம் பார்க்க வேண்டும். அந்தக் கடைசிப் படியை விட்டுவிட்டால் கண்ணாடிபோல் உடையும். சும்மா காய்ச்சி வளைத்து ஆறவிட்டால் இளகியே போகும். நம் பக்கத்து உலைகளில் கைத்தேர்ச்சி உள்ள ஆசாரிகள் இருக்கிறார்கள், மண்வெட்டிக்கும் வெட்டுகத்திக்கும் அவர்கள் வைக்கும் பதம் வேறு யாருக்கும் வராது. ஆனால் துரு தின்ற பட்டைக்கு எந்தப் பதமும் உதவாது. "புது செட்டே போடுங்க" என்றேன். "எதுக்குண்ணே காசக் கொட்டுதிய?" என்று கேட்டார், ஆனாலும் வேலையை மனசு வைத்துச் செய்தார். அதை மறக்க மாட்டேன்.

இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றினோம், ஒருபக்கம் மட்டும் மாற்றினால் வண்டி சாயும். பட்டையை அச்சோடு பிடித்துக் கட்டும் யூ போல்ட், பட்டைகளை ஒன்றாகக் கோக்கும் சென்டர் போல்ட், முனைகளில் உள்ள புஷ் எல்லாம் புதுசு. யூ போல்ட்டை ஒருமுறை முறுக்கியதும் அது நீண்டுவிடும், பழையதைத் திரும்பப் போடக் கூடாது. ரப்பர் புஷ் உள்ள ஷேக்கிள் போல்ட்டுகளை வண்டி சக்கரத்தில் நிற்கும்போதுதான் கடைசி முறுக்கு முறுக்க வேண்டும். தூக்கிவைத்து முறுக்கினால் இறக்கியதும் ரப்பர் திருகி நின்று சீக்கிரம் கிழியும். பிறகு 500 கிலோமீட்டருக்குள் யூ போல்ட்டை ஒருமுறை திரும்ப இறுக்கச் சொன்னார், இறுக்கினோம்.

இனி, நான் எதிர்பார்க்காமல் கிடைத்த சந்தோஷம். பிரேக்!

பல பழைய பிக்கப்களில் பின் அச்சுக்கு மேலே சேஸில் ஒரு வால்வு இருக்கும். அதிலிருந்து ஒரு கம்பி அச்சுக்கு வரும். லோடு ஏறிப் பின்பக்கம் தாழ்ந்தால் அந்தக் கம்பி வழியாக வால்வுக்குத் தெரியும், பின்சக்கரத்துக்கு அதிக பிரேக் கொடுக்கும். காலியாக நிமிர்ந்திருந்தால் குறைவாகக் கொடுக்கும். ஆக, பட்டை தொங்கிய வண்டி காலியாக ஓடும்போதும் வால்வு லோடு இருப்பதாகவே நம்புகிறது. பின்சக்கரம் சட்டென்று பூட்டிக்கொள்ளும். என் வண்டியில் அந்தக் கம்பியைக் கழற்றி, லோடு இருக்கும் நிலையிலேயே இரும்புக் கம்பியால் கட்டிவைத்திருந்தார்கள். மழை நாளில் திருவட்டாறு தாண்டி இறக்கத்தில் பிரேக்கைத் தொட்டால் வால்பக்கம் தனியாக நகர்ந்ததற்குக் காரணம் அதுதான். டயர் வழுக்கை என்று எல்லோரும் சொன்னார்கள், இல்லை. புதுப் பட்டை போட்டு, கம்பியை அதன் இடத்தில் மாட்டி, உயரத்துக்கு ஏற்ப அளவு வைத்த பிறகு அந்த நகர்வு நின்றுவிட்டது. குலசேகரத்திலிருந்து மார்த்தாண்டம் வரைக்கும் நனைந்த ரோட்டில் மனசு பதறாமல் ஓட்டுகிறேன். பட்டை வேலை முடிந்த வண்டியில் இந்தக் கம்பியைப் பார்க்காமல் யாரும் ஒர்க்‌ஷாப்பை விட்டு வெளியே வராதீர்கள். பட்டையைக் கூட்டி உயர்த்திய வண்டியில் நேர்மாறான ஆபத்து. லோடு ஏறியும் வால்வு காலி என்று நினைக்கும், முன்பிரேக்கே எல்லாவற்றையும் சுமக்கும்.

பின்பக்கம் நிமிர்ந்ததால் ஹெட்லைட்டும் மரத்தின் உச்சியை விட்டு ரோட்டுக்கு இறங்கியது. எதிரே வருகிறவர்கள் டிம் அடித்துத் திட்டுவது குறைந்தது.

சரி, இப்போது என்னை விடாமல் அரிக்கும் விஷயத்துக்கு வருகிறேன். நான் கேட்டது கம்பெனி அளவுப் பட்டை. கிடைத்தது கனத்த செட். விசாரித்த கடைகளில் எல்லாம் அதுதான் இருந்தது, ஏனென்றால் எல்லோரும் அளவுக்கு மேல் ஏற்றுகிறார்கள், அளவான பட்டையை யாரும் கேட்பதில்லை. ஒரு மில்லிமீட்டர்தான் வித்தியாசம் என்று கடைக்காரர் சமாதானம் சொன்னார். கனம் கூடினால் விறைப்பு அந்த விகிதத்தில் மட்டும் கூடுவதில்லை, கனத்தின் மூன்றாம் மடிக்குக் கூடும். 8 மில்லிமீட்டர் பட்டைக்குப் பதில் 9 மில்லிமீட்டர் என்றால் 40 சதவீதத்துக்கு மேல் விறைப்பு. ஒட்டுப்பாலும் ரப்பர் ஷீட்டும் நிறைய ஏற்றினால் வண்டி அழகாக உட்காரும், குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் பாதி நாள் ஏற்றுவது மட்டி வாழைக் குலை.

மட்டியைத் தெரிந்தவர்களுக்கு என் வேதனை புரியும். தோல் மெலிசு, காய் சின்னது, லேசாக உரசினாலே கறுக்கும். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் கன்னியாகுமரி மாவட்டத்துப் பழம். சந்தையில் கறுத்த குலைக்கு யாரும் விலை சொல்வதில்லை. கொஞ்சம் குலையை ஏற்றிக்கொண்டு மார்த்தாண்டம் மேம்பாலத்தில் போனால் ஒவ்வொரு இணைப்பிலும் பின்பக்கம் குதிக்கிறது. தொங்கிய பட்டையில்கூட வடசேரிச் சந்தைக்கு முக்கால்வாசிக் குலை பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது என்று சொல்ல வேண்டியிருக்கிறது, சொல்லவே பிடிக்கவில்லை. இப்போது குலைகளைக் கேபினை ஒட்டி அடுக்குகிறேன். அச்சுக்குப் பின்னால் வைத்தால் குலுக்கல் அதிகம். அடியில் வாழைச் சருகு கனமாக விரிக்கிறேன். பின்டயர் காற்றைக் காலி வண்டிக்குச் சொன்ன அளவுக்கு இறக்குகிறேன், லோடு ஏற்றும் நாளில் மறக்காமல் திரும்ப ஏற்றுகிறேன். எல்லாம் செய்தும் முழுசாகத் தீரவில்லை. அளவான செட் எங்காவது கிடைத்தால் இந்தப் புதுப் பட்டையைக் கழற்றி மாற்றத்தான் போகிறேன், செலவானாலும் பரவாயில்லை.

நியாயமாகச் சொன்னால் வண்டி இப்போது நன்றாக இருக்கிறது. பிரேக்கில் நம்பிக்கை வந்தது, லோடில் நேராக நிற்கிறது, இரவில் வழி தெரிகிறது. யாராவது விலைக்குக் கேட்டால் கொடுக்க மாட்டேன். ஆனாலும் நண்பருக்கு என் பதில்: அந்த வண்டியை வாங்க வேண்டாம். பட்டையை மாற்றலாம், பட்டை தொங்கியிருந்த காலமெல்லாம் ஸ்டாப்பர் ரப்பர் வழியாக அடி வாங்கிய சேஸை மாற்ற முடியாது. வாங்கியே தீருவேன் என்றால், அட்வான்ஸ் கொடுக்குமுன் வண்டியை வாட்டர் சர்வீஸுக்குக் கொண்டுபோய்ப் பின்பட்டையைத் தாங்கிப் பிடிக்கும் ஹேங்கர் சேஸில் சேரும் இரண்டு முனைகளையும் சேறு போகக் கழுவச் சொல்லுங்கள். ரிவெட்டைச் சுற்றித் துருக்கோடு இழுத்திருந்தாலோ, வெல்டிங் தழும்பு புதுப் பெயின்ட்டுக்கு அடியில் புடைத்திருந்தாலோ, விலை எவ்வளவு குறைத்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். கழுவவே விட மாட்டேன் என்று அவர் சொன்னாலும் அதே பதில்தான்.