ஆரம்பாக்கத்தில் ஒரு பர்மிட்டும் அக்கரையில் பூநாரைகளும்

வடசென்னையிலிருந்து வாடகை வண்டியில் பறவை பார்க்கப் புறப்படுபவர்கள், பாதை ஆந்திர எல்லையைத் தாண்டுவதாக இருந்தால், வண்டிக்குப் பர்மிட் போட்டாகிவிட்டதா என்று முந்தின இரவே கேட்டு, அந்த ரசீதைக் கண்ணால் பார்த்த பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும். இதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். ஆந்திரத்தின் நேலப்பட்டுச் சரணாலயத்துக் கூழைக்கடாக்களை (பெலிக்கன்களை) பற்றி எழுதச் சொல்லித்தான் நண்பர்கள் கேட்டார்கள். ஆனால் மெல்போர்னுக்குத் திரும்பிய பிறகும் நினைவில் முண்டியடித்துக்கொண்டு முன்னால் வருவது, எல்லைக்குச் சற்று முன்பு இருக்கும் ஆரம்பாக்கத்தில் சாலையோரமாக ஒதுங்கி நின்ற எங்கள் காரும், அதன் ஓட்டுநர் காதோடு ஒட்டவைத்திருந்த கைப்பேசியும்தான்.

பயணத் திட்டம் தண்டையார்பேட்டையில் என்னோடு பள்ளியில் படித்த நண்பனுடையது. ஊரை விட்டு எங்கும் போகாமல், ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைநோக்கியோடு எண்ணூர்ப் பக்கம் திரிகிறவன். விடியற்காலையில் எண்ணூர்க் கழிமுகம், அங்கிருந்து மீஞ்சூர், பொன்னேரி வழியாகப் பழவேற்காடு, பிறகு ஆந்திரம் போகும் ஜி.என்.டி. நெடுஞ்சாலையைப் பிடித்து எல்லை தாண்டி நேலப்பட்டு, கடைசியில் சூலூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்கு ஏரியின் நடுவே போகும் சாலையில் மாலை வெளிச்சம் என்று அவன் வகுத்திருந்தான். சாம்பல் படிந்த சதுப்பு, காயல், நெல்வயல், மரங்கள் மூழ்கி நிற்கும் ஏரி என்று இத்தனை வகை நிலமும் ஒரே நாள் ஓட்டத்துக்குள் அடங்குவது எங்கள் வடசென்னைக்காரர்களுக்கு மட்டும் வாய்த்தது. தென்சென்னை உறவினர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அவர்களுக்குப் பள்ளிக்கரணைச் சதுப்பு இருக்கிறது, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்குத் தரும் ராம்சார் அங்கீகாரமும் 2022இல் அதற்குக் கிடைத்துவிட்டது.

எண்ணூரில் நாங்கள் நின்ற இடத்தில் ஒரு பக்கம் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள், இன்னொரு பக்கம் கொசஸ்தலை ஆறு கடலைத் தொடும் முகத்துவாரம். சாம்பல் கழிவு படிந்த ஈர நிலத்தில் நெடுங்கால் உள்ளான்கள் எதையும் பொருட்படுத்தாமல் மேய்ந்துகொண்டிருந்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வழிந்து வந்து இந்தக் கழிமுகம் முழுவதும் பரவியபோது, கூழைக்கடாக்கள் இறகெல்லாம் கறுத்து உட்கார்ந்திருந்ததை நண்பன் நேரில் பார்த்திருக்கிறான். அதைச் சொல்லும்போது அவன் குரலில் ஆத்திரம் இல்லை, அலுப்புதான் இருந்தது. நான் மெல்போர்னில் பறவை பார்க்கப் போகும் வெரிபீயும் அழகான இடமொன்றும் அல்ல. அது அந்த நகரத்துக் கழிவுநீரில் ஏறக்குறைய பாதியைச் சுத்திகரிக்கும், 1890களில் தொடங்கிய பண்ணை. ஆனால் அந்தக் கழிவுநீர்க் குட்டைகள் 1982 முதல் ராம்சார் பட்டியலில் இருக்கின்றன. பறவை பார்ப்பவர் அனுமதிச் சீட்டுக்கு விண்ணப்பித்து வாங்கிக்கொண்டு உள்ளே போகலாம். எண்ணூரில் யாரும் அனுமதி கேட்பதில்லை, அது ஒரு சுதந்திரம்தான். அதே சமயம், நிற்க நிழலோ ஒதுங்கக் கழிப்பறையோ கிடையாது, கண்டெய்னர் லாரிகளின் வரிசையைத் தாண்டித் தண்ணீர்க் கரைக்கு வருவதற்குள்ளேயே பாதி வெளிச்சம் ஏறிவிடுகிறது.

பழவேற்காடு நன்றாகவே அமைந்தது, அதனால் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டச்சுக்காரர்கள் 1613இல் கட்டிய கெல்ட்ரியா கோட்டையின் மேடும், வாசலில் எலும்புக்கூடு செதுக்கிய அவர்களுடைய கல்லறைத் தோட்டமும் அப்படியே இருக்கின்றன. 2011 கிறிஸ்துமஸ் நாளில் நடந்த படகு விபத்துக்குப் பிறகு படகில் ஏறுவதை என் அம்மா ஒருபோதும் அனுமதிப்பதில்லை என்பதால் கரையிலிருந்தே பார்த்தோம். சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர்க் காயல் இது. இதன் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருப்பதால்தான் எல்லை தாண்ட வேண்டியிருக்கிறது. கர்லூ சாண்ட்பைப்பர் எனப்படும் வளைந்த அலகுள்ள உள்ளான்கள் சேற்றில் குத்திக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது எனக்கு ஒரு மகிழ்ச்சி. சைபீரியாவின் வடகோடியில் குஞ்சு பொரிக்கும் இந்த இனத்தில் சில மத்திய ஆசியா வழியாக இங்கே வருகின்றன, சில கிழக்காசியக் கடலோரமாக இறங்கி வெரிபீக்கே வந்துவிடுகின்றன. இரண்டு ஊரிலும் எனக்குத் தெரிந்த முகம் என்று சொல்லிக்கொள்ள அந்தப் பறவை ஒன்றுதான் உண்டு.

இனி ஆரம்பாக்கம்.

பொன்னேரியிலிருந்து கவரைப்பேட்டை வந்து நெடுஞ்சாலை ஏறியதும் எல்லாம் வழுக்கிக்கொண்டு போனது. கும்மிடிப்பூண்டி தாண்டினோம், எளாவூர் தாண்டினோம். எல்லை வரும் முன்பே ஓட்டுநர் தம்பி வண்டியை ஓரம் கட்டி, "சார், ஓனருக்கு ஒரு போன் போட்டுட்டுப் போயிடலாம்" என்றார். நண்பனுக்கு உடனே புரிந்துவிட்டது. "பர்மிட் போடலையா தம்பி?" என்று கேட்டான். "நைட்டே போட்டுடுறேன்னு சொன்னாரு சார்" என்று பதில் வந்தது. அகில இந்தியச் சுற்றுலாப் பர்மிட் இல்லாத மஞ்சள் பலகை வாடகை வண்டி வேறு மாநிலத்துக்குள் போக வேண்டுமானால் அந்த மாநிலத்துக்கு வரி கட்டிய பர்மிட் கையில் இருக்க வேண்டும். இல்லாமல் போய் மாட்டினால் அபராதம் ஓட்டுநர் தலையில் விழும். எனவே அவர் நகர மறுத்ததில் எனக்குக் குறையே இல்லை. குறையெல்லாம், பெயர் சொல்லத் தேவையில்லாத அந்த டிராவல்ஸ் நிறுவனத்தின் மீதுதான். பயணம் எங்கே என்று கேட்டு, நேலப்பட்டு என்று எழுதிக்கொண்டு, முன்பணத்தையும் வாங்கிக்கொண்டவர்கள் அவர்கள்.

பழைய முறை உங்களுக்கெல்லாம் தெரியும். ஓட்டுநர் காகிதக் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கவுன்ட்டருக்குப் போவார், வரிசையில் நிற்பார், நாம் இறங்கி டீ குடிப்போம், அவர் முத்திரை குத்திய தாளோடு திரும்பி வருவார். மெதுவான முறைதான், ஆனால் யாரை எங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்பதில் சந்தேகமே இருக்காது. இப்போது எல்லாம் இணையத்தில். முதலாளியின் கணினியில் முதலாளியின் கணக்கு, அதிலிருந்து பணம் போக முதலாளியின் கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி., அந்த முதலாளியோ ஏதோ கல்யாண மண்டபத்தில். முதலில் மணி அடித்துக்கொண்டே இருந்தது, பிறகு அவருடைய மைத்துனர் எடுத்து, மாப்பிள்ளை அழைப்பு முடிந்ததும் கூப்பிடச் சொல்கிறேன் என்றார், அதன் பிறகு கைப்பேசி அணைந்துவிட்டது. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் நின்று வளர்ந்த எனக்குக் காத்திருப்பு புதிதல்ல. ஆனால் கேட்டில் நிற்கும்போது எதற்காக நிற்கிறோம் என்பது கண்ணுக்குத் தெரியும்; கூட்ஸ் வண்டியின் கடைசிப் பெட்டி போனதும் கதவு திறக்கும். இங்கே யாரோ ஒருவரின் சட்டைப் பைக்குள் இருக்கும் ஆறு இலக்கத்துக்காக நெடுஞ்சாலை ஓரத்தில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

நானே கட்டிவிடுகிறேன் என்று முன்வந்தேன். ஓட்டுநரின் கைப்பேசியில் பக்கத்தைத் திறந்து, வண்டி எண்ணைப் போட்டு, என் ஆஸ்திரேலிய வங்கி அட்டையின் எண்களைத் தட்டினேன். அது ஏற்கப்படவில்லை. என்னுடைய இந்தியக் கணக்கைத் திறந்தால், அதற்கான ஓ.டி.பி. என் மெல்போர்ன் எண்ணுக்குத்தான் போகும். அந்த சிம்முக்கு இங்கே அலைவரிசை வருவதும் போவதுமாக இருந்தது. வெளிநாட்டு எண்ணை வைத்தே யு.பி.ஐ. பயன்படுத்த 2023இல் பத்து நாடுகளில் இருப்பவர்களுக்கு வழி திறந்தார்கள், ஆஸ்திரேலியாவும் அதில் உண்டு. என் வங்கி மட்டும் அந்த வசதியை இன்னும் செய்து தரவில்லை. பழவேற்காட்டில் நுங்கு விற்ற பாட்டி கூட க்யூ.ஆர். அட்டையைத் தொங்கவிட்டிருந்தார், சுங்கச்சாவடிகளில் ஃபாஸ்டேக் வண்டியை நிறுத்தாமலே அனுப்பிவைத்தது. ஊரில் எல்லாச் சேவையும் நான் போன காலத்தைவிடப் பலமடங்கு வேகமாகிவிட்டது என்பதை மறுக்கவே முடியாது, மெல்போர்னில்கூட இத்தனை சின்னத் தொகைகள் இத்தனை எளிதாகக் கைமாறுவதில்லை. ஆனால் அந்த வேகம் முழுவதும் உள்ளூர்க் கைப்பேசி எண்ணில் கட்டுண்டு கிடக்கிறது. பிறந்து வளர்ந்த இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், பை நிறையப் பணத்தோடு, எதற்கும் கட்டணம் செலுத்த முடியாதவனாக நின்றவன் நான் ஒருவன்தான்.

நண்பன் பணம் கட்ட முன்வந்தபோது ஓட்டுநர் தயங்கினார். முன்பு ஒருமுறை முதலாளியைக் கேட்காமல் வெளியே பர்மிட் போட்டு, அந்தப் பணத்தைத் திரும்ப வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டதாம். இந்தச் சங்கிலியில் எல்லோருடைய பயமும் நியாயமானதாகவே இருந்தது, வண்டி மட்டும் நின்றுகொண்டிருந்தது. எங்கள் தலைக்கு மேலே மின்கம்பியில் ஒரு கரிச்சானும், சற்றுத் தள்ளி ஒரு பனங்காடையும் உட்கார்ந்திருந்தன. நண்பன் அவற்றைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டான். அவனுக்கு எந்த இடமும் வீண் போகாது.

கடைசியில் எங்களைக் கரையேற்றியது, நாங்கள் நின்ற இடத்திலிருந்து நடக்கும் தூரத்தில் இருந்த ஒரு தகரக் கூரைக் கடை. ஜெராக்ஸ், ரீசார்ஜ், பர்மிட் என்று பலகையில் எழுதியிருந்தது. உள்ளே ஒரு பெண், மடியில் குழந்தை, எதிரே பழைய கணினி. "வெயில்ல ஏண்ணா நிக்கிறீங்க? ஆர்.சி. காப்பி குடுங்க, அஞ்சு நிமிஷம்" என்றார். வண்டி எண்ணை அடித்தார், போகும் இடத்தையும் நாளையும் கேட்டார், தன்னுடைய யு.பி.ஐ.யிலிருந்தே பணத்தைக் கட்டினார், என்னிடமிருந்து ரொக்கமாக வாங்கிக்கொண்டார். பர்மிட் தொகைக்கு மேல் அவருக்கு 100 ரூபாய். ரசீதை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை முன்கண்ணாடிக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னார், இன்னொன்றை என்னிடம் கொடுத்து, "ஓனர் கேட்டா காட்டுங்க" என்றார். பில் வேண்டுமா என்று கேட்டு அதையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தார். மெல்போர்னில் இதே சிக்கலுக்கு ஒரு தொலைபேசி எண்ணை அழைத்து, இசையைக் கேட்டுக்கொண்டு, என் அழைப்பு அவர்களுக்கு எவ்வளவு முக்கியமானது என்பதை அறிந்துகொண்டிருப்பேன். இங்கே அரசும் வங்கியும் டிராவல்ஸ் முதலாளியும் சேர்ந்து விட்ட இடைவெளியில் ஒரு பெண் கடை போட்டுப் பிழைக்கிறார், நன்றாகவே செய்கிறார். அந்தக் கடை அங்கே இருப்பது ஓட்டுநருக்கு முதலிலிருந்தே தெரியும் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அதற்காக அவரைக் கோபித்துக்கொள்ளவும் மனம் வரவில்லை.

நேலப்பட்டை நாங்கள் அடைந்தபோது உச்சிவேளை. ஏரிக்குள் மூழ்கி நிற்கும் நீர்க்கடம்பு மரங்களின் கிளைகளில் புள்ளிமூக்குக் கூழைக்கடாக்கள் கூடு கட்டியிருந்தன, அவற்றுக்கிடையே நத்தைக்குத்தி நாரைகளும் நீர்க்காகங்களும். 1976இலிருந்து சரணாலயமாக இருக்கும் இடம் இது. பறவை எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு நல்ல உரம் என்பதால் ஊர்க்காரர்களும் பறவைகளைத் தொந்தரவு செய்வதில்லை. காலையில் வந்திருந்தால் தாய்ப்பறவைகள் இரை கொண்டுவருவதைப் பார்த்திருக்கலாம் என்று காவலர் சொன்னார். நண்பன் என்னைப் பார்த்தான், நான் ஓட்டுநரைப் பார்த்தேன், அவர் தரையைப் பார்த்தார். கண்காணிப்புக் கோபுரத்திலிருந்து பார்க்கையில் எல்லாப் பறவைகளும் வெயிலுக்கு அலகைத் திறந்து தொண்டைப் பையை ஆட்டிக்கொண்டிருந்தன.

ஸ்ரீஹரிகோட்டா சாலையிலும் அதே கதைதான். இரண்டு பக்கமும் ஆழமில்லாத தண்ணீர், வலப்பக்கம் தொலைவில் பூநாரை (ஃப்ளமிங்கோ) கூட்டம். தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாகச் சேற்று நீரில் வைத்து வடிகட்டிக்கொண்டிருந்தன. அவற்றின் இளஞ்சிவப்பு நிறம் வானத்திலும் ஏறத் தொடங்கிய நேரத்தில்தான் நாங்கள் போய்ச் சேர்ந்தோம், தொலைநோக்கியைச் சரிசெய்து முடிப்பதற்குள் வெளிச்சம் போய்விட்டது. ஆரம்பாக்கத்தில் போன நேரம் இருந்திருந்தால் இன்னும் உள்ளே தள்ளிப் போயிருக்கலாம். விண்வெளி மையத்தின் காவல் சாவடி வரைக்கும் சாலை திறந்தே இருக்கிறது.

இரவு தண்டையார்பேட்டையில் இறங்கும்போது டிராவல்ஸிலிருந்து வந்த கணக்கில் பர்மிட் கட்டணம் என்று ஒரு வரி இருந்தது, நாங்கள் கட்டியதைவிட அதிகத் தொகையோடு. நண்பன் அதைப் பேனாவால் அடித்து, அந்தப் பெண் கொடுத்த ரசீதைப் படம் எடுத்து அனுப்பிவிட்டு, மீதியை மட்டும் கொடுத்தான். எதிர்ப்பக்கம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஓட்டுநருக்குத் தனியாகக் கொடுத்தோம்.

அடுத்த முறைக்கு நண்பன் வேறு வழி சொல்கிறான். சூலூர்பேட்டை வரை புறநகர் ரயில் போகிறது; திருவொற்றியூரிலோ எண்ணூரிலோ ஏறிக்கொள்ளலாம், நிலையத்துக்கு வெளியே ஆந்திரப் பதிவெண் ஆட்டோக்கள் நிற்கும், நேலப்பட்டுக்கு நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 20 கிலோமீட்டர். பயணச்சீட்டைக் கவுன்ட்டரில் ரொக்கம் கொடுத்தே வாங்கலாம் என்பதையும் விசாரித்துவிட்டேன். விடியற்காலை வண்டிகளின் நேரத்தை மட்டும் கிளம்பும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள், அவை அடிக்கடி மாறுகின்றன.