பாங்காக் அரண்மனை வாசலில் "இன்னைக்கு லீவு" என்று சொல்பவரை நம்பாதீர்கள்

பாங்காக்கில் கிராண்ட் பேலஸ் பார்க்கப் போகிறவர்கள் கிளம்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். அரண்மனை மூடியிருக்கிறது என்று பொய் சொல்லி ஆளைத் திருப்பி, கடையில் மட்டமான கல்லைக் கொள்ளை விலைக்கு விற்கும் இரத்தினக்கல் மோசடி அங்கே பல பத்தாண்டுப் பழசு. வசனம்கூட மாறவில்லை, ஆனாலும் புதுசு புதுசாக ஆட்கள் சிக்குகிறார்கள்.

அரண்மனையின் வெள்ளை மதிலோரம் நடக்கும்போதே ஆரம்பித்துவிடும். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, தெளிவான ஆங்கிலம் என்று ஒருவர் எதிரே வருவார். பணம் கேட்க மாட்டார், எந்த ஊர் என்றுதான் விசாரிப்பார். பிறகு மெதுவாக, இன்று புத்த பண்டிகை, உள்ளே பிக்குகளின் பூஜை நடக்கிறது, வெளிநாட்டுக்காரர்களை மதியம் 1 மணிக்கு மேல்தான் விடுவார்கள் என்பார். பக்கத்தில் மூடிக் கிடக்கும் கதவு ஒன்றையும் காட்டுவார். கதவு மூடியிருப்பது நிஜம்தான். அரண்மனைக்குப் பல வாசல்கள் உண்டு, பெரும்பாலானவை நமக்குத் திறப்பதில்லை. சுற்றுலாப் பயணிகள் நுழைவது நா ஃப்ரா லான் சாலையில், சில்பகோர்ன் பல்கலைக்கழகம் இருக்கும் பக்கத்தில் உள்ள விசெத் சாய் ஸ்ரீ வாசல் வழியாக. தினமும் காலை 8:30க்குத் திறப்பார்கள், மாலை 3:30 வரை டிக்கெட் தருவார்கள், ஒருவருக்கு 500 பாத். விசாக பூஜை போன்ற பண்டிகை நாளிலும் திறந்துதான் இருக்கும். அரச குடும்ப விழாவுக்காக எப்போதாவது மூடினால் அரண்மனையின் அதிகாரபூர்வ இணையதளத்தில் முன்கூட்டியே போட்டுவிடுவார்கள்.

அடுத்து உங்கள் வரைபடத்தை வாங்கிப் பேனாவால் மூன்று நான்கு வட்டம் போடுவார். "இதையெல்லாம் பார்த்துவிட்டு வாருங்கள், அதற்குள் அரண்மனை திறந்துவிடும்." கை காட்டினால் டுக்-டுக் (அந்த ஊர் ஆட்டோ) தயாராக வந்து நிற்கும். எல்லா இடத்துக்கும் சேர்த்து 20 பாத், மிஞ்சினால் 40. அந்தக் காசு பெட்ரோலுக்கே காணாது. இரத்தினக்கல் கடைக்கு ஆள் கொண்டுவந்து விட்டால் ஓட்டுநருக்குப் பெட்ரோல் கூப்பன் கிடைக்கும், நீங்கள் ஏதாவது வாங்கினால் கமிஷனும் உண்டு. வாடகை அடிமட்டமாக இருந்தால் மீதியை வேறு யாரோ தருகிறார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள்.

முதலில் பெரும்பாலும் நல்ல கோயிலுக்குத்தான் கூட்டிப்போவார்கள். 32 மீட்டர் உயரப் பொன்னிற புத்தர் நிற்கும் வாட் இந்தரவிஹான் அடிக்கடி இந்தப் பட்டியலில் வரும். பார்க்க வேண்டிய இடம்தான். அங்கே அமைதியாக உட்கார்ந்திருக்கும் ஒருவர் தானாகப் பேச்சுக் கொடுத்து, அரசாங்க இரத்தினக்கல் கடையில் வரிச்சலுகை இன்றோடு முடிகிறது, நான் வருஷா வருஷம் கல் வாங்கி வெளிநாட்டில் இரண்டு மடங்குக்கு விற்கிறேன் என்பார். இவரும் அதே கூட்டம். மூன்று பேர், மூன்று இடம், ஒரே தகவல் என்பதால்தான் படித்தவர்களும் விழுகிறார்கள். தாய்லாந்து அரசாங்கம் எந்த இரத்தினக்கல் கடையும் நடத்தவில்லை.

கடையில் ஏசி, குளிர்ந்த தண்ணீர், வெல்வெட் தட்டு. விற்பது பெரும்பாலும் கண்ணாடிக் கல் அல்ல, இயற்கைக் கல்தான். ஆனால் மட்டமான தரத்தைப் பல மடங்கு விலைக்குத் தள்ளிவிடுவார்கள். போலீஸ் புகார் இங்கேதான் நொண்டுகிறது: பில்லில் நீலக்கல் என்று இருக்கிறது, கொடுத்ததும் நீலக்கல்தானே என்பார்கள்.

ராசிக்கல் பார்க்கும் நம்மவர்கள் நீலம், புஷ்பராகம், மாணிக்கம் என்றதும் சற்றுக் கூடுதலாக மயங்குகிறார்கள். மாணிக்கத்தில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. விரிசலில் ஈயக் கண்ணாடியை உருக்கி நிரப்பிய கல் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும். மோதிரத்தில் பதிக்கும்போது ஆசாரியின் அமிலம் பட்டால் அந்தக் கண்ணாடி அரித்து, வெள்ளை வெள்ளையாகக் கோடு விழும். ஊரில் விற்று லாபம் பார்க்கலாம் என்ற பேச்சும் வெறும் ஆசை காட்டல். ஜெய்ப்பூரே உலகின் பெரிய கல் சந்தைகளில் ஒன்று, இங்குள்ள வியாபாரிக்கு மொத்த விலை அத்துப்படி.

"நாங்களே தபாலில் வீட்டுக்கு அனுப்புகிறோம்" என்றால் ஒத்துக்கொள்ளவே கூடாது. கல் கையில் இல்லாவிட்டால் அன்றே பரிசோதிக்க முடியாது, பார்சல் வந்து சேரும்போது நீங்கள் நாடு திரும்பியிருப்பீர்கள். கடை தரும் சான்றிதழும் செல்லாக்காசு. உண்மையிலேயே கல் வாங்க நினைப்பவர்கள் தாய்லாந்து இரத்தின, நகை நிறுவனத்தின் ஆய்வகத்தில் பரிசோதிக்கலாம். அது சீலோம் சாலையில், நம்மவர்கள் கும்பிடப் போகும் மாரியம்மன் கோயில் இருக்கும் அதே சாலையில் இருக்கிறது.

ஏற்கெனவே பணம் கட்டிவிட்டீர்களா? அன்றைக்கே 1155க்கு அழையுங்கள், சுற்றுலா போலீஸ், ஆங்கிலத்தில் பேசலாம். பில், கார்டு ஸ்லிப், கல் வந்த பை எதையும் தூக்கிப் போடாதீர்கள். தனியாகப் போகாமல் போலீஸ் துணையோடு கடைக்குத் திரும்பிப் போய்ப் பணத்தைக் கேளுங்கள். கொஞ்சம் பிடித்துக்கொண்டு தருகிறேன் என்பார்கள், முழுசாகக் கேட்டு நில்லுங்கள். கார்டில் கட்டியிருந்தால் வங்கியிலும் உடனே ஆட்சேபம் பதியுங்கள். ஊர் திரும்பிய பிறகு வழி ரொம்பக் குறுகிவிடும்.

அரண்மனைக்கு டுக்-டுக்கே தேவையில்லை. மெட்ரோவின் நீலத் தடத்தில் சனாம் சாய் நிலையத்தில் இறங்கினால் நடைதூரம். இல்லையென்றால் சஃபான் தாக்சின் வரை ரயிலில் வந்து, கீழே சாத்தோர்ன் படகுத்துறையில் ஆரஞ்சுக் கொடிப் படகு ஏறி தா சாங் துறையில் இறங்குங்கள். பெரிய படகு வராது, தனிப் படகு எடுங்கள் என்று அங்கேயும் ஒருவர் சொல்வார், காத்திருங்கள், வரும். தா சாங்கிலிருந்து நா ஃப்ரா லான் சாலையில் நேரே நடங்கள். வழியில் யார் என்ன சொன்னாலும் நிற்காமல் டிக்கெட் கவுன்ட்டர் வரை போய், திறந்திருக்கிறதா என்று அங்கே கேளுங்கள்.