மெயில் சர்வருக்கு முன்னாடி ஓபிஎன்சென்ஸ்: மூணு வருஷம் ஓட்டிப் பார்த்ததுல

மண்ணடி லிங்கி செட்டி தெருவுல ஒரு கஸ்டம்ஸ் கிளியரிங் ஆபீஸ்ல ஐடி பாக்குறேன், ஐடின்னா பிரிண்டர்ல பேப்பர் மாட்டிக்கிட்டாலும் நான்தான். 22 மெயில் ஐடி, சொந்த சர்வர், அதுக்கு முன்னாடி ஒரு பழைய டெஸ்க்டாப்ல ஓபிஎன்சென்ஸ்ன்ற ஃபயர்வால் (வெளி நெட்டுக்கும் ஆபீசுக்கும் நடுவுல காவல் நிக்கிற சாஃப்ட்வேர்) போட்டு ஸ்பாம் ஃபில்டரையும் அதுலயே ஏத்தி மூணு வருஷத்துக்கு மேல ஆச்சு.

ஃபயர்வால்ல ஸ்பாம் தடுக்கறதுன்னா மெயில் வர்ற 25ஆம் போர்ட்ட உள்ள திருப்பி விட்டுட்டு நடுவுல எட்டிப் பாக்கறதுன்னுதான் நானும் நெனச்சேன். இப்பல்லாம் மெயில் டிஎல்எஸ்ன்ற என்கிரிப்ஷன்ல பூட்டிதான் வருது, நடுவுல நிக்கிறவனுக்கு ஒண்ணும் தெரியாது. ஃபயர்வாலே போஸ்ட்ஃபிக்ஸ்ன்ற மெயில் சாஃப்ட்வேர் வெச்சு மெயில வாங்கணும், ஆர்ஸ்பாம்டின்ற ஸ்பாம் ஃபில்டர் மார்க் போடணும், அப்புறம்தான் சர்வருக்குப் போகணும். வழக்கமான செட்டிங்ல 4 மார்க் வந்தா கொஞ்சம் காக்க வெக்கும், 6 வந்தா ஸ்பாம்னு முத்திரை, 15 வந்தா வாசல்லயே திருப்பிடும். இங்க மார்க் ஏறினாதான் ஃபெயிலு.

லாட்டரி மெயிலு, மருந்து மெயிலு எல்லாம் மொத வாரமே போச்சு. சிக்கல் அது இல்ல, நம்ம தொழில்ல நிஜ மெயிலே ஸ்பாம் மாதிரிதான் இருக்கும். "அர்ஜென்ட், பிஎல் அட்டாச்டு"ன்னு தலைப்பு (பிஎல்னா பில் ஆஃப் லேடிங், கப்பல்ல சரக்கு ஏத்தினதுக்கான ரசீது), கூட ஒரு ஜிப் ஃபைலு, சீனாவுல நிங்போல இருந்து ஒரு ஏஜென்ட் அனுப்புறாரு, அவர் டொமைனுக்கு எஸ்பிஎஃப் ரெக்கார்டே (அந்த டொமைன் பேர்ல எந்த சர்வர் மெயில் அனுப்பலாம்னு சொல்ற பட்டியல்) கிடையாது. வைரஸ் அனுப்புறவனும் இதே தலைப்புதான் போடுறான்.

காக்க வெக்கிற விஷயத்துல நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன். நாம 5 நிமிஷம் கழிச்சு வான்னு சொன்னாலும் மறுபடி எப்ப வரணும்னு முடிவு பண்றது அனுப்புற சர்வர்தான், ஒருத்தன் உடனே வருவான், ஒருத்தன் ஒரு மணி நேரம் கழிச்சு. டாக்குமெண்ட் பாக்குற அக்கா ஓடிபிக்கு உக்காந்துகினு இருந்து, அது வந்தப்போ செத்துப் போயிருந்துச்சு. அப்புறம் தெரிஞ்ச டொமைனுக்கெல்லாம் விலக்கு குடுத்தேன், ஆனா டிகேஐஎம் கையெழுத்து (மெயில் அந்த டொமைன்ல இருந்துதான் வந்துச்சுன்னு காட்டுற டிஜிட்டல் அடையாளம்) சரியா இருந்தாதான் விலக்கு. வெறும் பேர வெச்சு விட்டா அந்தப் பேர்லயே எவன் வேணா உள்ள வருவான்.

பெரிய அடி ஸ்பாம்ஹாஸ் லிஸ்ட (ஸ்பாம் அனுப்புற ஐபிங்களோட பட்டியல்) சேர்த்தப்போ. ஞாயித்துக்கிழமை ராத்திரி போட்டேன், திங்கள் காலைல ஒரு ஸ்பாம் கூட இல்ல, ஆஹான்னு டீ குடிச்சிகினு இருக்கேன், எங்க முதலாளி பாய் வந்து "இன்னாப்பா, ஒரு மெயிலும் காணோம், கண்டெய்னர் நிக்குது, டிஓ வந்துச்சா இல்லியா"ன்றாரு. டிஓன்னா டெலிவரி ஆர்டர், அது இல்லாம கண்டெய்னர எடுக்க முடியாது. லாக்க தொறந்தா வரிக்கு வரி ரிஜெக்ட், எல்லாத்துலயும் 127.255.255.254. ஒரு ஐபி லிஸ்ட்ல இருக்கான்னு டிஎன்எஸ் வழியாதான் கேக்கணும், கூகுள் மாதிரி பொது டிஎன்எஸ் வழியா கேட்டா அவங்க பதில் சொல்ல மாட்டாங்க, "இப்படி கேக்காத"ன்றதுக்குத்தான் அந்த நம்பர் வரும். நான் எந்த நம்பர் வந்தாலும் தடுன்னு எழுதி வெச்சிருந்தேன், ஆக எல்லாரும் திருடன். தப்பு முழுக்க என்னுது. ஃபயர்வால்லயே இருக்குற அன்பவுண்ட்ன்ற டிஎன்எஸ் சர்வர, பொது டிஎன்எஸ் வழியா போகாம நேரா கேக்க விட்டு, 127.0.0.2 லேர்ந்து 127.0.0.11 வரைக்கும் வந்தா (நிஜமாவே லிஸ்ட்ல இருக்குன்னு அர்த்தம்) மட்டும் தடுன்னு மாத்தினதும் சரியாச்சு. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல ரெண்டு நாள் லைனே இல்ல, அப்பகூட இவ்ளோ பயப்படல, ஏன்னா அனுப்புறவங்க சர்வர் பொதுவா நாலஞ்சு நாள் முயற்சி பண்ணும், தண்ணி வடிஞ்சதும் கொட்டோ கொட்டுன்னு கொட்டுச்சு. ரிஜெக்ட் பண்ணது அப்படித் திரும்பி வராது, ஒவ்வொருத்தருக்கா ஃபோன் போட்டு கெஞ்சணும்.

இன்னிக்கும் இதால முடியாத ஒண்ணு, எம் (m) எழுத்துக்கு பதிலா ஆர் என் (rn) போட்டு சப்ளையர் பேர்லயே டொமைன் வாங்கி "பேங்க் அக்கவுண்ட் மாறிடுச்சு"ன்னு வர்ற மெயிலு. எஸ்பிஎஃப், டிகேஐஎம், அது ரெண்டையும் வெச்சு முடிவு பண்ற டிமார்க் எல்லாம் பாஸு, அவன் சொந்த டொமைனாச்சே. பாய் பழைய நம்பருக்கு ஃபோன் அடிச்சுக் கேட்டதால பணம் தப்பிச்சுது.

குறைன்னா, வைரஸ் தேடுற கிளாம்ஏவி மட்டுமே ஒரு ஜிபிக்கு மேல ரேம் தின்னும், 4 ஜிபில ஓட்டி மூச்சுத் திணறி 8 ஆக்கினேன். சந்தேக மெயில ஒதுக்கி வெக்கிற குவாரண்டைன்னு தனியா கிடையாது, முத்திரை விழுந்தது ஜங்க் ஃபோல்டருக்குப் போகுது, அவ்ளோதான். புதுசா ஆரம்பிச்சா, மெயில வடிகட்டுறதுக்குன்னே இருக்குற ப்ராக்ஸ்மாக்ஸ் மெயில் கேட்வேய தனி மெஷின்ல போட்டுட்டு ஃபயர்வால அது வேலையப் பாக்க விட்டுடுவேன், மெயிலுக்காக அப்டேட் பண்ணி ரீபூட் போட்டா மொத்த ஆபீஸ் நெட்டும் போகுது. அதுவரைக்கும் டெய்லி காலைல ஒம்பதரைக்கு நானும் அக்காவும் ஜங்க் ஃபோல்டர ஒரு தடவ தொறந்து பாத்துடறோம், போன வாரம்கூட ஒரு பிஎல் அங்கதான் கெடந்துச்சு.